விட்ட மீனுக்கு ஒரு விளக்கக் கடிதம்

சட்பரி, ஒன்டாரியோ, கனடா
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு, அண்ணன் மகன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மருமகளும் பேரனும் நலம். அங்கு நீங்களும் சித்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கோபம் நல்ல திடகாத்திரமாக இருப்பது மட்டும் உறுதியாகத் தெரிகிறது.

போனில் என்னைச் சொல்லி முடிக்க நீங்கள் விடவில்லை. "புடிச்ச மீன மறுபடி தண்ணியிலயே வுட்டியா?" என்று ஒரே ஒரு கேள்வி. "ஆமாம்" என்றேன். இணைப்பு போய்விட்டது. சிக்னல் கோளாறு என்று நினைத்துத் திரும்பக் கூப்பிட்டால் சித்தி எடுத்து, நீங்கள் வயலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அங்கே அப்போது ராத்திரி பத்து மணி.

மறுநாள் அப்பா கூப்பிட்டு, வேலையில் ஏதாவது சிக்கலா, சரியாகத் தூங்குகிறாயா என்று நைசாக விசாரித்தார். அதற்கு அடுத்த நாள் அத்தை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் திங்களும் வெள்ளியும்தானே நடை திறக்கிறது, வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் போய் என் பேரில் அர்ச்சனை செய்வதாகச் சொன்னார். அர்ச்சனை ஆகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அரியலூர், பெரம்பலூர் இரண்டு ஜில்லாவிலும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற செய்தி பரவுவதற்குள் என் தரப்பையும் பதிவு செய்துவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். காகிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது.

முதலில் இடம். நீங்கள் எல்லோரிடமும் "டொரான்டோவுல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். டொரான்டோ எங்களுக்குத் தெற்கே 400 கிலோமீட்டர். பெரம்பலூரில் இருப்பவனைச் சென்னையில் இருப்பதாகச் சொல்வதைவிட இது பெரிய பொய். இந்த ஊர் பிறந்ததே சுரங்கத்தால்தான். 1883ல் ரயில் பாதை போடுவதற்காகப் பாறையை உடைத்தவர்களுக்குத் தாது தட்டுப்பட்டது; நிக்கலும் செம்பும். 185 கோடி வருஷத்துக்கு முன்னால் வானத்திலிருந்து விழுந்த ஒரு பெருங்கல் உண்டாக்கிய பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்கிறார்கள். நம்ம அரியலூர்ப் பக்கம் கடலாகக் கிடந்ததே பத்துக் கோடி வருஷக் கணக்குத்தான். சாத்தனூர்க் கல்மரத்துக்கு 12 கோடி சொல்கிறார்கள். வயதில் நாம் இவர்களுக்குத் தம்பி. மற்றபடி என் வாழ்க்கையில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். இங்கே நிக்கல் சுரங்கத்தில் லோடருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன். முகத்தில் சொட்டும் எண்ணெய் இரண்டு நாட்டிலும் ஒரே நிறம்.

வித்தியாசம் ஏரியில்தான். இந்த மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 330 ஏரிகள். அதில் வானபிட்டே என்று ஒன்று 130 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதுவும் வானத்திலிருந்து கல் விழுந்த பள்ளம்தான். மாகாணம் முழுவதும் எண்ணினால் இரண்டரை லட்சம் ஏரி வரும் என்று அரசாங்கமே சொல்கிறது. நமக்கு மூன்று கிராமத்துக்கும் சேர்த்து ஒரே ஏரி. அதன் மதகுச் சாவி எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு தலைமுறை பேசாமல் இருந்திருக்கிறது. இங்கே அந்த மாதிரிச் சண்டைக்கு வழியே இல்லை. ஏரிகள் இருக்கின்றன, சண்டை போட ஆள்தான் பற்றவில்லை.

ஏரி இவ்வளவு இருக்கிறதே, போய் ஒரு தூண்டிலைப் போட்டு உட்கார வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் விஷயம். நம்ம மீன்பாசி ஏலம் எனக்கு மறக்கவில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் வாசல், மூன்று தரம் கூவுவது, யாருக்கோ விட்டுக்கொடுப்பதற்காக யாரோ இருமுவது, கடைசியில் நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தொகை சொல்வது. ஏலம் எடுத்தால் அந்த ஏரி மீன் மொத்தமும் உங்களுடையது. இங்கே எங்கள் பக்கத்து ஏரிகளில் ஏலமும் இல்லை, குத்தகையும் இல்லை. ஆனால் 18 வயதிலிருந்து 64 வயது வரை யார் தூண்டிலைத் தொட்டாலும் உரிமம் வேண்டும். அதில் இரண்டு ரகம். கூடுதல் பணம் கட்டினால் ஒரு நாளைக்கு ஆறு பாஸ் மீன் வைத்துக்கொள்ளலாம். குறைந்த பணத்துக்கு இரண்டு. நான் எந்த ரகம் வாங்கியிருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 65 ஆகிவிட்டால் உரிமம் வேண்டாம். ஆனால் அந்தச் சலுகை உள்ளூர்க் கிழவர்களுக்குத்தான். நீங்கள் வந்தால் வெளிநாட்டுக்காரர் கட்டணம்.

விசைப்படகு ஓட்டுவதற்குத் தனியாகப் பரீட்சை எழுதி அட்டை வாங்க வேண்டும். பாலிடெக்னிக்கில் அரியர் வைத்தவன் இதில் முதல் தடவையே தேறினேன், அப்பாவிடம் சொல்லுங்கள். படகில் ஆளுக்கொரு மிதவைச் சட்டை இருந்தே ஆக வேண்டும். எந்த மண்டலத்தில் எந்த மீனை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பிடிக்கலாம் என்று கல்யாணப் பஞ்சாங்கம் கணக்காக ஒரு புத்தகமே போடுகிறார்கள். நடு ஏரியில் ஒரு அதிகாரி படகில் வந்து வணக்கம் சொல்லி, பெட்டியைத் திறக்கச் சொல்லி மீனை எண்ணிப் பார்ப்பார். மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும் மரியாதை வேறு மாதிரி ஆகிவிடும். நாமும் ஏரிக்குக் காவல் போட்டோம். பகலில் காவல் காத்து, ராத்திரியில் தானே வலை போட்ட அந்த மனுஷரைப் பற்றி இங்கே ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. ஊர் மானம்.

இனி மீன். நான் அனுப்பிய போட்டோவில் நீங்கள் பார்த்தது ஸ்மால்மவுத் பாஸ். வெண்கலப் பாத்திரத்தின் நிறம், பக்கவாட்டில் கரும்பட்டைகள், முதுகில் முள், கோபக்காரச் சிவப்புக் கண். இதன் பங்காளி லார்ஜ்மவுத். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் அது பங்காளி, தாண்டாவிட்டால் நம்மாள். பங்காளிக்குச் சேறும் பாசியும் அல்லியும் வேண்டும். நம்மாளுக்குப் பாறையும் சுத்தமான தண்ணீரும் வேண்டும். எடை என்று பார்த்தால் நம்ம கட்லாவுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஒன்றரைக் கிலோ வந்தால் போட்டோ எடுக்கலாம், இரண்டு கிலோ வந்தால் பக்கத்துப் படகுக்காரன் வயிறெரிவான். உலகச் சாதனையே 5.4 கிலோதான். 1955ல் டேவிட் ஹேஸ் என்பவர் அமெரிக்காவில் டேல் ஹாலோ ஏரியில் பிடித்தது.

அந்தச் சாதனைக்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது, நீங்கள் ரசிப்பீர்கள். மீன் வயிற்றுக்குள் உலோகத்தைத் திணித்து எடையைக் கூட்டினேன் என்று படகுத்துறையில் வேலை பார்த்த ஒருவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஒன்று பிற்பாடு வெளியே வந்தது. 1996ல் சாதனையை ரத்து செய்தார்கள். பிறகு மறுபடி விசாரித்து, 2005ல் ஹேஸுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு மீனுக்கு ஐம்பது வருஷ வியாஜ்யம். நம்ம அரியலூர் ஜில்லா 2001ல் பிரிந்து, 2002ல் பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்து, 2007ல் மறுபடி பிரிந்ததை இங்கே சொன்னால் சிரிக்கிறார்கள். நாம் ஆறு வருஷத்தில் முடித்துவிட்டோம்.

இந்த மீனிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வைகாசியில் தண்ணீர் கொஞ்சம் சூடு ஏறியதும் ஆண் மீன் கரையோரக் கூழாங்கல்லை வாலால் பெருக்கிக் குழி செய்யும். பெண் மீன் வந்து முட்டை போட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு காவல் முழுவதும் ஆணுக்குத்தான். முட்டைக்கு விசிறி விடும், குஞ்சு பொரித்துக் கொஞ்சம் தேறும் வரை ஒழுங்காகச் சாப்பிடாது, கிட்ட வருவது எதுவானாலும் மோதும். தூண்டில் போனாலும் மோதும். அதனால்தான் முட்டையிடும் காலத்தில் இந்த மீனுக்குத் தூண்டில் போடவே கூடாது என்று சட்டம். ஜூன் பிற்பகுதியில் திறந்து நவம்பரோடு மூடுகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு நம்ம விரால் ஞாபகம் வந்தது. சிவப்புக் குஞ்சுகள் மேலே கொத்தாகத் திரிய, அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் வரும். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தானே நாம் குறி வைப்போம்? நாம் அடையாளம் என்று நினைத்ததை இவர்கள் தடை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

என்னை மீனுக்குக் கூட்டிப் போகிறவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுக்காரப் பெரியவர். பேச்சு ரொம்பக் குறைவு. காலையில் ஒரு வார்த்தை, மத்தியானம் சாண்ட்விச் எடுக்கும்போது ஒரு வார்த்தை. கங்கைகொண்ட சோழபுரத்தில் எங்கள் ராஜேந்திர சோழன் ஒரு ஏரி வெட்டினான், 16 மைல் கரை, கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றினான், அதை நீரால் ஆன வெற்றித் தூண் என்று செப்பேட்டில் எழுதி வைத்தான் என்று ஒரு முறை நீட்டி முழக்கினேன். பெரியவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அதில் பாஸ் உண்டா?" என்றார்.

சில சமயம் டொரான்டோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையும் சேர்ந்துகொள்வார். அவர் உங்கள் கட்சி. நான் மீனை விடும்போதெல்லாம், "என்ன தம்பி, இதை விடுறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று தலையில் அடித்துக்கொள்வார். அவருடையது கூடுதல் பணம் கட்டிய உரிமம். சின்ன மீனாக ஆறு பிடித்தால் ஆறும் வீட்டுக்குப் போகும்.

மற்ற மாதங்களை விட்டுவிட்டு ஐப்பசிக் குளிரில் ஏன் போகிறாய் என்று சித்தி கேட்டார்களாம். காரணம் தண்ணீருக்குள் இருக்கிறது. கோடையில் ஏரி அடுக்கடுக்காக இருக்கும்; மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர், இரண்டும் ஒன்றோடொன்று சேராது. கோடை முடிந்ததும் மேல்தண்ணீர் குளிர ஆரம்பிக்கும். குளிர்ந்த தண்ணீருக்குக் கனம் அதிகம், அதனால் கீழே இறங்கும். 4 டிகிரியில்தான் தண்ணீருக்கு அதிகபட்சக் கனம். இப்படி இறங்கி இறங்கி, காற்றும் சேர்ந்துகொண்டு, ஏரி மேலிருந்து அடிவரை தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும். நம்ம ஏரியைக் கலக்க மூன்று ஊர் ஜனமும் ஊத்தாவும் வலையும் கூடையுமாக இறங்க வேண்டியிருக்கிறது. இங்கே குளிர் ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அந்த நாட்களில் மீன் எங்கே என்று பெரியவருக்கே தெரியாது. வீட்டில் இருந்து படகு எஞ்சினைத் துடைப்பார்.

அதன் பிறகு வருகிறது நல்ல காலம். கோடையில் ஆளுக்கொரு திசையில் திரிந்த மீனெல்லாம் ஆழத்தில் பாறை விளிம்பைப் பார்த்துக் கூட்டம் கூடும். தண்ணீர் 15 டிகிரியிலிருந்து 10க்கு இறங்குவதற்குள் வெறி பிடித்துத் தின்னும். ஏனென்றால் 5 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு அசையவே மனம் வராது. பனி மூடிய ஏரிக்கு அடியில் பங்குனி சித்திரை வரை கிட்டத்தட்டப் பட்டினி. ஆக வருஷத்தில் பெரிய மீன் ஒரே இடத்தில், பசியோடு, கொழுத்து நிற்பது இந்தச் சில வாரங்கள்தான். கரையில் மேப்பிள் மரமெல்லாம் சிவந்து கொட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க ஜனங்கள் தெற்கேயிருந்து கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நமக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம்.

நாக்குப்பூச்சி தோண்டி, சோளத்தட்டைத் தக்கை கட்டி, மூங்கில் கழியோடு கிளம்புகிற வேலை இல்லை. ஏழடி ராடு, ரீல், கண்ணுக்குத் தெரியாத நரம்பு, நுனியில் ஈயக் குண்டு வைத்த ரப்பர் புழு. அந்தப் புழுவின் நிறத்துக்குப் பச்சைப் பூசணி என்று பெயர். கல்லுக்கடியில் கொடுக்கோடு இருக்கும் நன்னீர் இறால்தான் இந்த மீனுக்கு இஷ்டமான தீனி. ரப்பரைப் பாறை மேல் மெல்ல மெல்ல இழுத்தால் அந்த இறால் நகர்வதாக மீன் நம்ப வேண்டும். கோடையில் வேகமாக இழுக்கலாம். இப்போது அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது. இழுப்பதற்கும் சும்மா இருப்பதற்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது, அதுதான் கணக்கு.

விடியற்காலை ஏரி மேல் சுழியம் டிகிரி. உள் பனியன், அதன் மேல் கம்பளி, அதன் மேல் இன்னொரு கம்பளி, அதன் மேல் காற்றுச் சட்டை, அதன் மேல் மிதவைச் சட்டை. நம்ம செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்துக்குக்கூட இத்தனை தோல் கிடையாது. இவ்வளவையும் போட்டுக்கொண்ட பிறகுதான் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று தோன்றும். அந்தப் பகுதியை மரியாதை கருதி விட்டுவிடுகிறேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். விரல் மரத்துப்போய், ராடு என் கையில் இருக்கிறதா பெரியவர் கையில் இருக்கிறதா என்று தெரியாத நிலைமையில், நரம்பில் 'டக்' என்று ஒரு தட்டு. வெட்டி இழுத்தேன். முதலில் பாறை என்று நினைத்தேன். பிறகு பாறை நடக்க ஆரம்பித்தது. கீழே இரண்டு முறை படகுக்கு அடியில் புகுந்து சுற்றியது. மூன்றாவது முறை மேலே வந்து, முழு உடம்பும் தண்ணீருக்கு வெளியே, ஒரு குதி. விரால் துள்ளும், ஆனால் தூண்டிலைத் துப்புவதற்காகத் தலையை உதறிக்கொண்டே இப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை. பெரியவர் அன்றைய மூன்றாவது வார்த்தையைச் சொன்னார். கெட்ட வார்த்தை, ஆனால் பாராட்டு.

அளந்தோம், போட்டோ எடுத்தோம், விட்டோம். நீங்கள் இந்த இடத்தில் கடிதத்தைக் கிழிக்காமல் மேலே படிக்க வேண்டும்.

நம்ம ஏரியில் குஞ்சு விட்டால் கட்லா ஒரு வருஷத்தில் ஒரு கிலோ வருகிறது. வெயில் இருக்கிறது, தீனி இருக்கிறது. இங்கே வருஷத்தில் நாலைந்து மாதம் ஏரி மேல் பனிக்கட்டி. இந்தக் குளிரில் இந்த மீன் ஒன்றரைக் கிலோ ஏறப் பத்து வருஷம் ஆகிறது. நான் கையில் பிடித்திருந்தது உங்கள் பேரனைவிட வயதில் மூத்தது. ஆணாக இருந்தால், பருவம் வந்ததிலிருந்து வருஷா வருஷம் குழி பெருக்கி, விசிறி, காவல் காத்த மீன். அதைக் குழம்பு வைத்தால் ஒரு வேளை. அதன் இடத்துக்கு இன்னொன்று வரப் பத்து வருஷம்.

நம்ம ஊரில் மீனை விடுகிறவன் முட்டாள், அதை நான் மறுக்கவே இல்லை. பங்குனி போனால் ஏரியில் தண்ணீர் முழங்கால், வைகாசியில் வெடிப்பு விட்ட சேறு. அன்றைக்கு விட்ட மீனைப் பருந்தும் கொக்கும்தான் தின்னும். வற்றப்போகிற ஏரியில் ஊரையே கூட்டி, எல்லாரும் இறங்கி, கிடைத்தவனுக்குக் கிடைத்தது என்று மீன்பிடித் திருவிழா வைத்தவர்கள் ரொம்ப யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வற்றுகிற ஊருக்குப் பிடிப்பது நியாயம். வற்றாத, ஆனால் வளராத ஊருக்கு விடுவது நியாயம். இரண்டு ஊர்ச் சட்டத்தையும் தண்ணீர்தான் எழுதியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய மீனில் பாதரசம் சேர்கிறது. எந்த ஏரி மீன், எத்தனை நீளம், மாதத்துக்கு எத்தனை வேளை தின்னலாம் என்று மாகாண அரசே ஏரிவாரியாகப் பட்டியல் போட்டிருக்கிறது. மீன் பெரிதாகப் பெரிதாக வேளை குறையும். யாழ்ப்பாணத்து அண்ணை சின்ன மீனையே வைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம், அவரும் விவரமானவர்தான்.

மூன்றாவது காரணத்தைக் கேட்டால் உங்களுக்கு நம்ம ஊர் மேல் பெருமை வரும். இந்த ஏரிகளில் பல ஒரு காலத்தில் செத்துப் போயிருந்தன. தாதுவைத் திறந்த வெளியில் விறகு அடுக்கி மாதக்கணக்கில் எரித்தார்கள், பிறகு உருக்காலைகள். கந்தகப் புகை இறங்கி மரம் போனது, மண் மழையில் கரைந்தது, மிச்சமிருந்த பாறை கறுத்தது. ஊரே நிலா மாதிரி இருந்ததால்தான் அப்போலோ விண்வெளி வீரர்கள் இங்கே பயிற்சிக்கு வந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையில் அவர்கள் வந்தது அந்தப் பெருங்கல் விழுந்த பாறைகளைப் படிக்க. ஆனால் கதையை நம்பும்படி ஊர் இருந்தது. 1972ல் 381 மீட்டர் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி கட்டினார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தை ஒன்றன் மேல் ஒன்றாக ஏழு அடுக்கினால் அந்த உயரம் வரும். ஊர்க்காற்று கொஞ்சம் தெளிந்தது. புகை தூரத்து ஊர்களுக்குப் போனது. சட்பரிப் புகையால் அமிலம் ஏறிய ஏரிகள் சுமார் 7,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அமிலம் ஏறினால் மீன் உடனே மிதக்காது. முட்டை பொரிக்காது. வருஷா வருஷம் கிழட்டு மீன் மட்டும் மிஞ்சிக்கொண்டே வந்து, ஒரு நாள் அதுவும் இருக்காது.

புகையைக் குறைக்கச் சொல்லி அரசாங்கம் கழுத்தைப் பிடித்தது. கூடவே 1978ல் ஊர்க்காரர்கள் ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். மூட்டை மூட்டையாகத் தூளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாறைச் சரிவில் ஏறிக் கையால் இறைத்தார்கள். மாணவர்கள், வேலை போன சுரங்கத் தொழிலாளிகள், எல்லாரும். 3,000 ஹெக்டேருக்கு மேல் அப்படி இறைத்திருக்கிறார்கள். சில ஏரிகளுக்கு அதற்கு முன்பே நேராகக் கொட்டியும் பார்த்திருந்தார்கள். மண்ணின் அமிலம் முறிந்ததும் புல், புல்லுக்குப் பின் மரம். 2022ல் ஒரு கோடியாவது மரத்தை நட்டார்கள். புகையும் குறைந்தது, பெரிய புகைபோக்கிக்கு 2020ல் ஓய்வு கொடுத்தாயிற்று. ஏரித் தண்ணீர் தெளியத் தெளிய மீனும் திரும்பியது. அப்படித் திரும்பி வந்த மீன் என்பதால்தான் அதை விடத் தோன்றுகிறது.

அவர்கள் இறைத்த அந்தத் தூள் என்ன தெரியுமா, சித்தப்பா? சுண்ணாம்புக்கல். பெரியவரும் அந்தக் காலத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் ஊர் மண்ணைத் தோண்டினாலே அதுதான், நத்தையும் சங்கும் கல்லாகிக் கிடக்கும், நாங்கள் அதை அரைத்துச் சிமெண்ட் ஆக்கி விற்கிறோம் என்று சொன்னேன். முதல் தடவையாக அவரே கேள்வி கேட்டார். தோண்டிய குழியை என்ன செய்கிறீர்கள் என்றார். அப்படியே விட்டிருக்கிறோம், மழைத்தண்ணீர் நிற்கும் என்றேன். "அதில் மீன் விடலாமே" என்றார். யோசனை மோசமில்லை. சுரங்கக்காரர்கள் கைவிட்ட குழியைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தால் அதற்கும் நீங்கள் ஏலம் கேட்கலாம்.

சமையல் விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் மருமகள் பட்டினி கிடப்பதாக அடுத்த வதந்தி வரும். சின்ன மீன் இரண்டு சில நாள் வீட்டுக்கு வருவதுண்டு. வெள்ளைச் சதை, முள் குறைவு, கவிச்சி இல்லை. கவிச்சி இல்லாத மீனை மீன் என்றே ஒத்துக்கொள்ள முடியாது என்பது உங்கள் மருமகளின் தீர்ப்பு. புளியைக் கூட்டி, மிளகாய்த்தூளைக் கூட்டி, மண்சட்டி இல்லாத குறைக்கு இரும்புச் சட்டியில் வைத்தாள். தாளித்தபோது கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அலறி, மாடி வீட்டுக்காரர் பனியனோடு இறங்கி ஓடினார். மறுநாள் சுண்டக் குழம்பு நன்றாகவே இருந்தது. அயிரைக்குக் கிட்டே வராது. ஜிலேபிக் கெண்டையைவிட மேல் என்று தாராளமாகச் சொல்லலாம்.

வெள்ளைக் கன்னத்தோடு பெரிய பெரிய வாத்துகள் இப்போது கூட்டம் கூட்டமாகத் தெற்கே போய்க்கொண்டிருக்கின்றன. கரைவெட்டிக்கு இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து கார்த்திகை வாக்கில் அங்கே இறங்கிவிடும். 2024லிருந்து நம்ம கரைவெட்டியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலம் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வாத்துக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லையே என்று பேரன் முன்னால் அப்பா சொன்னார். குளிர் வரும்போது வடக்கே இருக்கிற ஒரே தமிழன் நான் இல்லை என்று மட்டும் பதில் சொன்னேன்.

மழை எப்படி என்று எழுதுங்கள். மருதையாற்றில் தண்ணீர் வந்ததா, ஏரி கோடி போனதா, மதகு இந்த வருஷமாவது ஒழுகாமல் இருக்கிறதா? கருவாடு கட்டி அனுப்ப வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லுங்கள். தபாலில் என்ன ஆகிறதோ, பார்சல் வந்து சேரும்போது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மீன்பாசி ஏலத்தில் ரோஷத்துக்காகத் தொகையை ஏற்றாதீர்கள். எதிராளி இருமினால் அது இருமல்தான்.

கடைசியாக ஒன்று, உரிமையோடு கேட்கிறேன். நான் மீனை விட்டதற்கு நீங்கள் என்னை மன்னிக்கவெல்லாம் வேண்டாம். ஏரி நிறைந்ததும் விரால் குஞ்சு மேலே சிவப்பாகத் திரியும். அந்த இரண்டு மூன்று வாரம் மட்டும் அந்தப் பக்கம் ஊத்தாவைத் தூக்க வேண்டாமென்று பையன்களிடம் சொல்லி வையுங்கள். குஞ்சு தன் பிழைப்பைத் தானே பார்க்க ஆரம்பித்த பிறகு உங்கள் பாடு, விராலின் பாடு. வைகாசியில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்